கண்ணும் கத்தரியும் – மாணவர் குறும்படங்கள் குறித்துச் சில சிந்தனைகள்

பணியாணை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு ஹவுரா நிலையத்தில் வந்து இறங்கிய தமிழர்களுள் நாமும் ஒருவர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணி, இளங்கலைப் பட்டம், மாலையில் லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காப்பிப் பொடியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வாழ்க்கை. திரைப்படக் கலையை முறையாகப் பயின்றோம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. எனினும் இருபது ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்த ஒருவர் திரைப்படத்தைப் பற்றிச் சிந்தியாமல் இருத்தல் அரிது. 1947இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கிய ஊர் இது. 1985இல் ராய் திறந்து வைத்த நந்தன் திரையரங்கு உள்ள ஊர் இது. தேநீர்க் கடை பெஞ்சியில் அமர்ந்து ரித்விக் கட்டக்கைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடும் மக்கள் வாழும் ஊரும் இதுவே.

இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணம் வேறொன்று. நம் தெருவில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் கல்லூரியில் படிக்கிறார். தம் பாட்டியைப் பற்றி ஏழு நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்து, அதை நம்மவர் சிலர் கூடிய ஒரு மாலையில் போட்டுக் காட்டினார். படம் முடிந்தது. எல்லோரும் கை தட்டினோம். பாட்டி மட்டும் தட்டவில்லை. ‘ஏண்டா கண்ணா, நான் என்ன ரயிலுக்கா ஓடறேன்? எதுக்கு என்னை இப்படித் துண்டு துண்டா வெட்டி வெச்சிருக்கே?’ என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. பிள்ளையின் முகம் வாடியது. நாம் அன்றிரவு நெடுநேரம் உறங்கவில்லை. திறனாய்வு நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அம்மூதாட்டி ஒரே வினாவில் கேட்டுவிட்டார் என்று தோன்றிற்று. அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே இது.

மூவர் எழுதும் ஒரு பாட்டு

மாணவர் குறும்படம் என்பது தனித்ததொரு வகை. அது வணிகத்திற்காக எடுக்கப்படுவதன்று, தேர்வுக்காக எடுக்கப்படுவது. நம் நகரின் கிழக்குப் புறவழிச் சாலையை ஒட்டி, 1995இல் நிறுவப்பட்ட சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே இயக்கம் ஒரு துறை; ஒளிப்பதிவு ஒரு துறை; படத்தொகுப்பு ஒரு துறை; ஒலி வேறொரு துறை. ஒரு படத்தை எடுக்கும்போது ஒவ்வொரு துறை மாணவரும் தம் தம் பங்கைச் செய்கின்றனர். ஒவ்வொருவர் திறமையும் தனித்தனியே மதிப்பிடப்படுகிறது. பூனாவிலும் சென்னையிலும் உள்ள திரைப்படப் பள்ளிகளிலும் முறை ஏறத்தாழ இதுவே.

இம்முறையில் நன்மை பெரிது, இடரும் உண்டு. ஒரு பாட்டை மூவர் சேர்ந்து எழுதுவதாக எண்ணிப் பாருங்கள். ஒருவர் எதுகையில் தம் வன்மையைக் காட்ட விரும்புகிறார், மற்றொருவர் உவமையில், மூன்றாமவர் ஓசையில். மூவரும் வல்லவரே. ஆயினும் பாட்டு என்ன சொல்ல வந்தது என்பதை மூவரும் மறந்துவிட்டால் எஞ்சுவது என்ன? மாணவர் படங்கள் பலவற்றில் நாம் காணும் குறை இத்தகையதே. ஒளிப்பதிவாளர் ‘என் காமிராவைப் பாருங்கள்’ என்கிறார். படத்தொகுப்பாளர் ‘என் வெட்டைப் பாருங்கள்’ என்கிறார். கதையில் வரும் மனிதரைப் பாருங்கள் என்று சொல்ல ஆளில்லை.

இக்குறையை இளைஞர் மீது மட்டும் சுமத்துதல் முறையன்று. கற்கும் காலத்தில் கருவியின் மீது மோகம் கொள்ளுதல் இயல்பு. யாப்பிலக்கணம் கற்ற புதிதில் வெண்பாவில் மடல் எழுதாத தமிழ் மாணவர் உண்டா? ஆனால், மோகம் எங்கே முடிந்து கலை எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுதல் திறனாய்வின் கடமை.

பஞ்சத்தில் பிறந்த பாடம்

திரைப்படப் பள்ளி என்ற ஒன்று உலகில் தோன்றிய வரலாறே இங்கு நமக்கு ஒளி தரும். 1919இல் மாஸ்கோவில் அரசு சார்பில் திரைப்படப் பள்ளி தொடங்கப்பெற்றது. புரட்சியும் உள்நாட்டுப் போரும் நடந்த காலம். பிலிம் சுருளுக்குக் கடும் பஞ்சம். அங்கு ஆசிரியராக இருந்த லெவ் குலெஷோவ், காமிராவில் பிலிம் இல்லாமலேயே மாணவரை நடித்துப் பழகச் செய்தார். பழைய படச் சுருள்களை வெட்டியும் மாற்றி ஒட்டியும் ஆராயச் செய்தார். அப்பொழுது பிறந்ததே உலகறிந்த ஒரு சோதனை. மொசூகின் என்ற நடிகரின் உணர்ச்சியற்ற முகம் ஒன்றை எடுத்துக்கொண்டனர். அதே முகத்தை, ஒரு கிண்ணம் சூப்போடும், சவப்பெட்டியில் கிடக்கும் ஒரு பெண்ணோடும், கரடிப் பொம்மையோடு விளையாடும் ஒரு சிறுமியோடும் தனித்தனியே ஒட்டிக் காட்டினர். பார்த்தவர்கள் அம்முகத்தில் ஆழ்ந்த யோசனையையும் துயரத்தையும் மகிழ்வையும் கண்டு நடிகரைப் புகழ்ந்தார்கள் என்று புதோவ்கின் எழுதியிருக்கிறார். முகம் மாறவில்லை, அடுத்து வந்த துண்டுதான் மாறிற்று.

பொருள் என்பது ஒரு துண்டில் மட்டும் இல்லை. இரண்டு துண்டுகளின் சந்திப்பில் இருக்கிறது என்பது இச்சோதனை கூறும் உண்மை. தமிழ் படித்தவர்க்கு இது முற்றிலும் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று ‘மாட்டு’. பொருள் தரும் சொற்கள் விலகிக் கிடந்தாலும் அணுகிக் கிடந்தாலும் அவற்றைக் கொண்டுவந்து பொருத்திப் பொருள் முடிப்பது அது. மற்றொன்று ‘எச்சம்’. சொல்லாமல் எஞ்ச விட்டதைக் கேட்போர் தாமே நிரப்பிக்கொள்ளச் செய்வது அது. ‘பழந்தமிழர் திரைப்படம் அறிந்திருந்தனர்’ என்று மேடையில் முழங்குவதற்காக நாம் இதைக் கூறவில்லை. அத்தகைய பெருமையால் ஒரு பயனும் இல்லை. ஒட்டும் கலைக்கும் விடும் கலைக்கும் நம் மொழியில் பெயரும் சிந்தனையும் இருக்கின்றன. அவற்றை அளவுகோலாகக் கொண்டு புதிய கலையை அளக்கலாம் என்பதே நம் கருத்து.

அளவின் பொருத்தமும் எண்ணத்தக்கது. நான்கு அடி முதல் எட்டு அடி வரை அமைவது குறுந்தொகைப் பாட்டின் பொது இயல்பு. அத்துணைச் சிறிய இடத்தில் நிலமும் பொழுதும் பறவையும் மரமும் வந்து, ஒரு பெண்ணின் நெஞ்சமும் வந்து, சொல்லாமல் விட்ட ஒன்றும் வந்து நிற்கிறது. முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளுக்காக வருகின்றன. தம்மைக் காட்டிக்கொள்ள வருவதில்லை. பத்து நிமிடக் குறும்படத்திற்கு இதைவிடச் சிறந்த ஆசான் கிடைத்தல் அரிது.

சாளரத்தில் நிகழும் போர்

இனி ஒரு சான்று காண்போம். ராய் 1964இல் எடுத்த ‘இருவர்’ என்னும் பொருள் கொண்ட ‘டூ’ என்ற குறும்படம். அது மாணவர் படமன்று. ஆயினும் மாணவர் ஒவ்வொருவரும் காண வேண்டிய பாடம். ஏறத்தாழ 12 நிமிடம். ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை. ஒளிப்பதிவு சௌமேந்து ராய்; படத்தொகுப்பு துலால் தத்தா.

செல்வர் வீட்டுச் சிறுவன் ஒருவன் தனியே இருக்கிறான். பொம்மைகள் குவிந்து கிடக்கின்றன. வெளியே குழலோசை கேட்கிறது. சாளரம் வழியே பார்க்கிறான். கீழே குடிசையருகே ஏழைச் சிறுவன் ஒருவன் குழல் ஊதுகிறான். இவன் தன் விளையாட்டு ஊதுகொம்பை எடுத்து ஊதுகிறான். அவன் மேளம் கொண்டு வருகிறான். இவன் மேளம் கொட்டும் குரங்குப் பொம்மையைக் காட்டுகிறான். அவன் முகமூடி அணிந்து வருகிறான். இவனிடம் அதனினும் பல வேடங்கள் உள்ளன. தோற்றுப் போன ஏழைச் சிறுவன் பட்டம் விடுகிறான். சாளரத்துக்கு நேரே வானில் அப்பட்டம் எழுகிறது. செல்வச் சிறுவனிடம் வானில் பறக்கும் பொம்மை எதுவும் இல்லை. காற்றுத் துப்பாக்கியால் பட்டத்தைச் சுட்டு வீழ்த்துகிறான்.

இங்கே காமிராவின் வேலை என்ன? இடத்தைத் தேர்ந்து நிற்பதே. செல்வச் சிறுவன் பார்க்கும்போது நாம் மேலிருந்து கீழே பார்க்கிறோம். ஏழைச் சிறுவன் பார்க்கும்போது கீழிருந்து கம்பிகளுக்குப் பின்னால் உள்ள முகத்தைப் பார்க்கிறோம். வர்க்க வேற்றுமை பற்றி யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. காமிரா நிற்கும் உயரமே அதைச் சொல்லிவிடுகிறது. படத்தொகுப்பின் வேலை என்ன? ஒரு முகம், அதன் பதில் முகம் என மாறி மாறி வைத்து, உரையாடலையும் போட்டியையும் உண்டாக்குவது. இருவரும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அவர்களைச் சந்திக்க வைப்பது ஒட்டு மட்டுமே. இதையே ‘மாட்டு’ என்றோம். இறுதியில் பொம்மைகளின் இரைச்சலுக்கு நடுவே மீண்டும் குழலோசை எழுகிறது. இயந்திரப் பொம்மை ஒன்று நடந்து சென்று, அடுக்கி வைத்த கட்டைக் கோபுரத்தைச் சாய்க்கிறது. வென்றவன் யார் என்று படம் சொல்வதில்லை. அங்கே எஞ்சி நிற்பது ‘எச்சம்’.

முதற் காமிரா பிடித்த கை

‘அவர் ராய், நாம் மாணவர்’ என்று இளைஞர் சிலர் கூறக்கூடும். ‘பதேர் பாஞ்சாலி’யின் வரலாற்றை அவர்கள் நினைவுகூர வேண்டும். 1952 அக்டோபரில் நாணற்பூக் காட்டில் முதல் நாள் படப்பிடிப்பு நடந்தபோது ராய் விளம்பர நிறுவனத்தில் ஓவியர். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா இருபதைச் சற்றே கடந்த இளைஞர். அதற்கு முன் திரைப்படக் காமிராவை இயக்கி அறியாதவர். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் நம் நகரில் ‘நதி’ என்ற படத்தை எடுத்தபோது உடன் நின்று பார்த்துக் கற்றவர். ஏழு நாள் கழித்து மீண்டும் அவ்விடம் சென்றபோது பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது என்று ராய் குறிப்பிட்டிருக்கிறார். தமக்கையைத் தேடும் சிறுவன் இயல்பாக நடக்காததால், வழியில் சிறு குச்சிகளைப் போட்டு அவற்றைத் தாண்டி வரச் செய்தார் என்பதும் அவர் சொன்னதே. திரையில் நாம் காண்பது தயங்கித் தேடும் ஒரு குழந்தையின் நடை. எளிய ஒரு சூழ்ச்சியால் பெரிய ஓர் உண்மை கிடைத்தது.

அடுத்த படமான ‘அபராஜிதோ’வில், 1956இல், காசி நகர் வீட்டு முற்றத்தைக் கல்கத்தாவின் படப்பிடிப்பு நிலையத்தில் அரங்கமாக அமைத்தனர். முற்றத்தில் விழும் ஒளி வானத்திலிருந்து பரவி வருவது. அதற்குக் கூர்மையான நிழல் கிடையாது. விளக்குகளை நேரே வீசினால் பொய் வெளிப்பட்டுவிடும். எனவே மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அத்துணி மீது வீசி, திரும்பி விழும் மென்மையான ஒளியில் படம் பிடித்தார். பார்த்தவர்க்கு அது உண்மையான முற்றமாகவே தோன்றிற்று. புதுமை செய்தவர் தம் புதுமையை எவரும் கவனியாதபடி செய்தார் என்பதே இதில் நாம் போற்றும் பண்பு. இம்மித்ராவே 1997 முதல் 2001இல் மறையும் வரை, நம் நகரின் ராய் நிறுவனத்தில் ஒளிப்பதிவுத் துறையில் மதிப்புறு பேராசிரியராக விளங்கினார். கற்றுக்குட்டியாகத் தொடங்கிய கை கற்பிக்கும் கையாக முடிந்தது.

தமிழில் இதற்கு ஒப்பான ஒருவரைச் சொல்ல வேண்டுமாயின் பாலு மகேந்திராவைச் சொல்லலாம். மட்டக்களப்பில் பிறந்து, பூனாவில் ஒளிப்பதிவு பயின்றவர். 1988இல் வெளிவந்த ‘வீடு’ படத்தில் இயக்கமும் ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அவர் கையிலேயே இருந்தன. சொந்தமாக ஒரு வீடு கட்டப் பாடுபடும் நடுத்தரக் குடும்பத்தின் கதை. முதியவர் சொக்கலிங்க பாகவதர் தனியே வந்து, முற்றுப்பெறாத அவ்வீட்டின் சுவர்களைத் தடவிப் பார்க்கும் கட்டத்தை நினைவுகூருங்கள். அங்கே விரைவு இல்லை, வசனம் இல்லை. அவர் பார்க்கும் அளவுக்கு நாமும் பார்க்க நேரம் தரப்படுகிறது. வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டிற்குப் பெட்டி சுமக்கும் நம் போன்றோர் கண்கலங்குவது அந்த நேரத்தினால்தான்.

நம்மைக் குத்திய ஒரு படம்

இதுகாறும் புகழ்ந்தோம். நமக்கு வலி தந்த ஒரு மாணவர் படத்தையும் கூறுதல் நேர்மை. போலந்து நாட்டின் வூட்ஜ் திரைப்படப் பள்ளியில் மாணவராக இருந்தபோது, 1966இல், கீஸ்லோவ்ஸ்கி ‘அலுவலகம்’ என்ற குறும்படத்தை எடுத்தார். கறுப்பு வெள்ளை, ஆறு நிமிட அளவு. அரசு அலுவலகத்தின் சாளரம் ஒன்று. வெளியே முதியோர் வரிசையில் நிற்கின்றனர். உள்ளே எழுத்தர்கள். இந்தப் படிவம் வேண்டும், அந்தச் சான்று வேண்டும் என்ற குரல்கள் கேட்கின்றன. குரலும் உதடும் ஒன்றோடொன்று பொருந்தி வருவதில்லை. முகங்கள் ஒருபுறம், கைகள் ஒருபுறம், குரல் ஒருபுறம். இறுதியில், வாழ்நாள் முழுவதும் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதச் சொல்லும் கேள்வி, கோப்புகள் அடுக்கிய அலமாரிகளின் மீது மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது.

நாம் எழுத்தர். முதன்முறை இப்படத்தைக் கண்டபோது சினம் வந்தது. சாளரத்தின் உட்புறத்தில் இருப்பவனுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு, மேலதிகாரி உண்டு, காலை ஒன்பது மணிப் பேருந்தில் தொங்கி வந்த களைப்பு உண்டு. அவற்றை இந்த மாணவர் ஏன் காட்டவில்லை? படத்தொகுப்பு மேசையில் நமக்குச் சாதகமான துண்டுகளைத் தள்ளிவிட்டார் என்று வழக்காடினோம்.

மறுமுறை கண்டபோது வழக்கு நமக்கு எதிராகத் திரும்பிற்று. அவர் நம்மைப் பழிக்கவில்லை. உள்ளே உள்ள முகங்களிலும் சலிப்பைக் காட்டினார். வெளியே உள்ள முகங்களிலும் காட்டினார். குரலை முகத்திலிருந்து பிரித்ததன் பொருளும் அப்போதுதான் விளங்கிற்று. யார் பேசினாலும் அந்தக் குரல் அலுவலகத்தின் குரல்; தனி மனிதருக்கு அதில் பங்கில்லை. அதை விளக்கவுரையாகச் சொல்லியிருந்தால் கட்டுரையாகியிருக்கும். ஒலியையும் உருவையும் வேறு வேறாக ஒட்டியதால் உணர்வாயிற்று. மறுநாள் அலுவலகத்தில், ஓய்வூதியம் குறித்து வந்த முதியவர் ஒருவரைத் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பின்னர்த் தாளைப் பார்த்தோம். ஒரு மாணவரின் ஆறு நிமிடம் ஓர் எழுத்தரைத் தலை நிமிர்த்தியது என்றால், அக்கலையை விளையாட்டு என்று ஒதுக்குதல் எங்ஙனம் தகும்?

எனினும் நம் முதல் வினா முற்றிலும் மறைந்துவிடவில்லை. வெட்டுபவர் கையில் நீதியும் இருக்கிறது, அநீதியும் இருக்கிறது. ஒரு மனிதரின் ஒரு நாளிலிருந்து ஆறு நிமிடத்தை எடுப்பவர், மீதி நேரத்திற்கும் பொறுப்பேற்க வேண்டும். இப்பொறுப்பை மாணவர்க்கு எந்தக் கருவியும் கற்றுத் தராது.

மிகுதியின் துன்பம்

முன்னாளில் பிலிம் விலை மிக்கது. மாணவர்க்கு இத்தனை அடி என்று அளந்தே தந்தனர். எனவே காமிராவை இயக்குமுன் நூறு முறை சிந்தித்தனர். இன்று கைப்பேசியில் நாள் முழுவதும் படம் பிடிக்கலாம். ஒரு காசு செலவில்லை. முன்பு சிந்தனை படப்பிடிப்பிற்கு முன் நிகழ்ந்தது. இப்போது அது படத்தொகுப்பு மேசைக்குத் தள்ளிப் போடப்படுகிறது. அங்கே வந்து சேரும்போதோ துண்டுகள் மலையெனக் குவிந்து கிடக்கின்றன. சிந்திக்க நேரம் இல்லை. ஆகவே எல்லாவற்றிலும் சிறிது சிறிது எடுத்துப் போட்டு வேகத்தால் ஒப்பேற்றுகின்றனர்.

நம் நகரத்து இளைஞர் படங்களில் அடிக்கடி வரும் சில காட்சிகளை வாசகரும் அறிவர். வானிலிருந்து ஹவுரா பாலம், மழையில் டிராம் வண்டி, மஞ்சள் டாக்சி, குமாரதுலியில் கண் திறவாத துர்க்கை, சுருக்கம் விழுந்த ஒரு கை மிக அண்மையில். இவை அழகல்ல என்று யார் சொல்வார்? ஆனால் இவை இந்தக் கதைக்கு உரிய கருப்பொருளா, அல்லது ஊரின் அஞ்சலட்டையா என்று கேட்டல் வேண்டும். நெய்தல் பாட்டில் குறிஞ்சிப் பூவை வைத்தவரை நம் பண்டை உரையாசிரியர்கள் காரணம் கேளாமல் விட்டதில்லை.

இதற்கு மாறாக, நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. 2024இல் கேன் திரைப்பட விழாவின் மாணவர் படப் பிரிவில் பூனா நிறுவனத்து மாணவர் சிதானந்த நாயக்கின் கன்னடக் குறும்படம் முதற் பரிசு பெற்றது. ஒரு மூதாட்டி ஊர்ச் சேவலைத் திருடிவிட, கதிரவனே எழாமல் போகிறான் என்ற நாட்டார் கதை அது. கதையே இருளைக் கேட்பதால், இரவு அங்கே வெறும் அணியாக இல்லாமல் முதற்பொருளாகவே ஆகிவிடுகிறது. அடுத்த ஆண்டு, 2025இல், நம் நகரின் ராய் நிறுவனத்து மாணவர் படம் அதே பிரிவிற்குத் தெரிவாயிற்று. களிமண் பொம்மை ஒன்றைப் பெயரில் தாங்கிய அப்படம் 23 நிமிட அளவு. தந்தையின் நிலத்தை விற்றுவிட்டுக் கால்பந்து ஆடக் கொல்கத்தாவுக்கு வந்த நைஜீரிய இளைஞனின் கதை. எடுத்தவர் எத்தியோப்பிய நாட்டிலிருந்து இங்கு வந்து பயின்றவர். இதைக் கேட்டபோது நம் நெஞ்சு சற்றே துணுக்குற்றது. இவ்வூரில் மூன்று தலைமுறையாக வாழும் நம்மைப் பற்றி நம் பிள்ளைகள் என்ன எடுத்திருக்கிறார்கள்? புலம்பெயர்ந்தவரின் கண்ணுக்கு இந்நகரம் எவ்வாறு தெரிகிறது என்பதை, தொலைவிலிருந்து வந்த ஒருவர் சொல்லிவிட்டார். நாம் இன்னும் அஞ்சலட்டையே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பாட்டியின் இரண்டாம் படம்

இனித் தொடங்கிய இடத்திற்கு வருவோம். அப்பிள்ளை சில கிழமைகள் நம்மிடம் பேசவில்லை. பிறகு ஒருநாள் வந்து, ‘மாமா, மறுபடியும் எடுத்திருக்கிறேன், வந்து பாருங்கள்’ என்றார். சென்றோம்.

முதல் வடிவத்தில் பாட்டியின் விரல், கண், மூக்குத்தி, மாவரைக்கும் கை, தெய்வப் படம், பழைய புகைப்படம் என நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள் இருந்தன. அடியில் வயலின் அழுதது. இரண்டாம் வடிவத்தில் அவர் கைப்பேசியைப் பால்கனியில் ஒரு முக்காலியின் மீது, பாட்டி அமர்ந்திருக்கும் உயரத்திலேயே வைத்துவிட்டார். பாட்டி முறத்தில் அரிசி புடைக்கிறார். எதிர்வீட்டு வங்காள அம்மையார் கொடியில் துணி உலர்த்துகிறார். இவர் தமிழில் ஏதோ கேட்கிறார். அவர் வங்காளியில் ஏதோ விடை சொல்கிறார். இருவரும் சிரிக்கின்றனர். ஏறத்தாழ இரண்டு நிமிடம் வெட்டே இல்லை. பிறகு பாட்டி கையை நிறுத்தித் தெருமுனையைப் பார்க்கிறார். அங்கே ஒரு வெட்டு. பேருந்து நிறுத்தம், இறங்குவோர் சிலர், தெரிந்தவர் எவரும் இல்லை. மீண்டும் பாட்டி, முறம் அசையத் தொடங்குகிறது.

தாத்தா அலுவலகத்திலிருந்து திரும்பி வந்து இறங்கிய நிறுத்தம் அது என்பதை அத்தெருவில் உள்ள நாம் அறிவோம். படம் அதைச் சொல்லவில்லை. அறியாத ஒருவர்க்கும், யாருக்காகவோ காத்துப் பழகிய கண் அது என்பது விளங்கும்.

குறைகளும் உள்ளன. ஒலிப்பதிவு தெளிவாக இல்லை. தொடக்கத்தில் வரும் எழுத்துகள் நீளம். இறுதியில் ஒரு பாடல் துணுக்கைச் சேர்த்திருக்க வேண்டியதில்லை. இவற்றை அவரிடமே சொன்னோம். ஆனால் கண்ணும் கத்தரியும் தத்தம் வேலையை அறிந்துகொண்டன என்பதில் ஐயமில்லை. காமிரா பாட்டியைப் பார்ப்பதோடு நில்லாமல், பாட்டி எதைப் பார்க்கிறார் என்பதையும் பார்த்தது. கத்தரி எங்கே வெட்டக் கூடாது என்பதை முதலில் கற்று, பின்னர் ஒரே இடத்தில் வெட்டியது.

பாட்டி இம்முறையும் கை தட்டவில்லை. சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, ‘இதை ஊர்ல இருக்கிற தங்கச்சிக்கு அனுப்புடா’ என்று மட்டும் சொன்னார்.

பெற்றோர்க்கும் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பத்தோடு இதை முடிக்கிறோம். கைப்பேசியும் கையுமாக இருக்கும் பிள்ளையைக் கண்டதும் கடிந்துகொள்ள வேண்டா. என்ன எடுக்கிறாய் என்று கேட்டு, எடுத்ததை அமர்ந்து பாருங்கள். பார்த்தபின் வெறுமனே கை தட்டிவிட்டு எழுந்து செல்லவும் வேண்டா. ஆண்டு விழாவில் ஆடலுக்கும் பாடலுக்கும் பட்டிமன்றத்துக்கும் நேரம் ஒதுக்குவது போல, நம் பிள்ளைகளின் குறும்படங்களுக்கு ஒரு மாலை ஒதுக்கி, அவற்றில் வரும் பெரியவர்களையும் முன்வரிசையில் அமர்த்திப் படத்தைப் பற்றி அவர்களே முதலில் பேசச் சங்கம் வழிசெய்தல் நலம். அம்மாலையில் நாற்காலி எடுத்துப் போடவும் விளக்கணைக்கவும் இவ்வெழுத்தர் அணியமாக இருப்பார்.